ஏ-2 விமானி ஜாக்கெட்: வாங்குதல், அளவு பார்த்தல், பழுது நீக்குதல்

அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு 1931 மே மாதம் தன் விமானிகளுக்கென ஏற்றுக்கொண்ட தோல் மேலுடை ஏ-2. அதற்கு முன் 1927 முதல் வழக்கில் இருந்த ஏ-1 ஜாக்கெட்டுக்கு முன்பக்கம் பொத்தான்கள், கழுத்தில் கம்பளிப் பின்னல். ஏ-2 பொத்தானை நீக்கி ஜிப் வைத்தது. பின்னல் கழுத்துக்குப் பதிலாகச் சட்டைக் காலர் போலத் தோல் காலர் வைத்தது. 1943-ல் துணியால் ஆன பி-10 வந்தபின் ஏ-2-க்குப் புதிய கொள்முதல் நின்றுபோனது. பன்னிரண்டு ஆண்டுகளே கொள்முதல் செய்யப்பட்ட இந்த உடை இன்றும் வாங்கப்படுகிறது, பிரித்துத் தைக்கப்படுகிறது, நகலெடுக்கப்படுகிறது. பழைய தோல் ஜாக்கெட்டை எப்படி அணுக வேண்டும் என்பதைக் கற்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

பாடத்தின் அடிப்படை ஒன்றுதான்: தோலில் விழுந்த ஊசித் துளை மூடாது. துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு நுழைகிறது; நூலை உருவியதும் இழைகள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடும். தோலில் ஊசி நாரை அறுத்துக்கொண்டு நுழைகிறது. தையலைப் பிரித்தாலும் துளை அப்படியே நிற்கும். வாங்குபவருக்கு அது சாட்சி, அளவு மாற்றுபவருக்கு எல்லை, பழுது பார்ப்பவருக்கு வழிகாட்டி.

அமைப்பு

ஏ-2-ன் வெட்டு எளிமையானது. முதுகு ஒரே துண்டுத் தோல். முன்பக்கம் இரண்டு துண்டுகள், அவற்றில் மூடியுடன் கூடிய இரண்டு ஒட்டுப் பைகள். மூடி பிரஸ் பட்டனால் பூட்டும். பக்கவாட்டில் கை நுழைக்கும் பை கிடையாது. காலரின் முனைகளுக்கு அடியில் பிரஸ் பட்டன், தொண்டையருகே ஒரு கொக்கி, தோள்களில் பட்டி, ஜிப்புக்குப் பின்னால் காற்றுத் தடுக்கும் தோல் மடிப்பு. மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல்; தையல்காரர் வழக்கில் ரிப். உள்ளே ஒரு மெல்லிய லைனிங்: தொடக்கத்தில் பட்டு, பின்னர் பருத்தி.

காலருக்கு அடியில், முதுகு லைனிங்கின் மேல்பகுதியில் தைத்திருக்கும் நெய்த லேபிள் இந்த உடையின் அடையாள அட்டை. உடையின் வகை, வரைபட எண் 30-1415, ஒப்பந்த எண், தயாரித்த நிறுவனத்தின் பெயர் ஆகியவை அதில் இருக்கும். நியூயார்க் மாநிலத்தின் பீக்கனில் இருந்த ஏரோ லெதர், சிகாகோவின் ஜே. ஏ. டுபோ, பென்சில்வேனியாவின் ரஃப் வேர் எனப் பல நிறுவனங்கள் இதைத் தைத்தன. வரைபடம் ஒன்றானாலும் காலரின் முனை, பையின் மூலை, தோள்பட்டியின் அகலம் ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். ஒரு நிறுவனத்தின் லேபிளும் இன்னொரு நிறுவனத்தின் காலர் வடிவும் ஒரே ஜாக்கெட்டில் இருந்தால், லேபிள் பின்னால் வந்தது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தோல்

ஏ-2-க்குரிய தோல் குதிரைத் தோல். சில ஒப்பந்தங்களில் வெள்ளாட்டுத் தோலும் மாட்டுத் தோலும் வந்தன. குதிரைத் தோலின் நார் நெருக்கமானது. புதிதில் விறைப்பாக இருக்கும். அணிய அணிய முழங்கையிலும் தோளிலும் ஆழமான மடிப்புகள் விழுந்து உடலின் வடிவுக்குப் படியும். வெள்ளாட்டுத் தோலின் மேற்பரப்பில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும். எடைக்கு அதன் உறுதி அதிகம். செம்மறித் தோல் மெத்தென்று இருந்தாலும் எளிதில் கிழியும். நல்ல ஏ-2-ல் அதற்கு இடமில்லை.

எந்த விலங்கின் தோல் என்பதைப்போல எப்படிப் பதனிட்டது என்பதும் முக்கியம். மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடுவது பழைய முறை. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் கிழக்கிந்திய கிப் என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியதும் இந்த முறையில்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய குரோம் உப்பு முறையில் வேலை விரைவாக முடியும்; தோல் வெப்பத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். பட்டைப் பதத் தோல் அழகாக முதிரும். ஆனால் அதற்கே உரிய ஒரு நோய் உண்டு. காற்றிலுள்ள கந்தக டையாக்சைடை உறிஞ்சி, அது அமிலமாகி, நாரை உள்ளிருந்தே அரிக்கும். மேற்பரப்பு செங்கல் தூளாக உதிரத் தொடங்கும். இதைச் செந்தூள் நோய் எனலாம். வந்துவிட்டால் குணமாகாது, ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் என்ற பசையை ஆல்கஹாலில் கரைத்துப் பூசித் தூளை இறுக்கலாம், அவ்வளவே. அப்படிப்பட்ட ஜாக்கெட் காட்சிக்கு உரியது, உடுத்த உரியது அல்ல.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

ஜாக்கெட்டை மாட்டிப் பார்ப்பதற்கு முன் வெளிச்சமான மேசையில் மல்லாத்தி விரிக்க வேண்டும். சோதனைக்கு ஒரு வரிசை உண்டு.

முதலில் தோல். வெள்ளைத் துணியால் முழங்கையையும் காலர் மடிப்பையும் மெதுவாகத் துடைத்தால் செந்தூள் ஒட்டுகிறதா என்று தெரியும். சுருக்கம் வேறு, வெடிப்பு வேறு. சுருக்கத்தின் அடியில் மேற்பரப்பு முழுதாக இருக்கும். வெடிப்பின் அடியில் நார் தெரியும். சுருக்கம் வயது, வெடிப்பு நோய். இழுத்துச் சோதிக்கக் கூடாது. அழுகிய தோல் அந்தச் சோதனையிலேயே கிழிந்துவிடும். உள்பக்க மடிப்பு ஒன்றை விரலால் லேசாக வளைத்தால் போதும்.

அடுத்தது அதிகம் பாரம் தாங்கும் இடங்கள்: அக்குள், தோள் தையல், பையின் மேல்மூலைகள், காலருக்கு உள்ளே ஜாக்கெட்டைத் தொங்கவிடும் தோல் வளையம். நூல் மட்டும் அறுந்திருந்தால் கவலையில்லை. தையல் துளைகளுக்கு இடையே தோலே கிழிந்து, துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட பிளவாகியிருந்தால் அது பெரிய வேலை.

மூன்றாவது ஜிப். இரண்டாம் உலகப் போர்க்கால ஏ-2-களில் டாலன், கிரௌன், கான்மார் ஆகிய பெயர்கள் வழக்கம். டாலனைச் செய்த நிறுவனம் 1937-ல்தான் அந்தப் பெயரைத் தன் பெயராகவும் ஏற்றது. அதற்கு முன் அது ஹுக்லெஸ் ஃபாஸனர். ஒய்கேகே என்ற எழுத்து இருந்தால் ஜிப் மாற்றப்பட்டது, அல்லது ஜாக்கெட்டே பிற்காலத்தது. ஜிப் மாற்றப்பட்டதா என்பதை உறுதிசெய்யத் துளைகளைப் பார்க்க வேண்டும். ஜிப்பின் ஓரத்தில் இரண்டு வரிசைத் துளைகள் இருந்து ஒன்றில் மட்டும் நூல் ஓடினால், ஒருமுறை பிரித்துத் தைத்திருக்கிறார்கள்.

நான்காவது சின்னங்கள். இடது மார்பில் பெயர்ப்பட்டை, இடது தோளில் விமானப்படைச் சின்னம், முதுகில் வண்ண ஓவியம் ஆகியவை ஏ-2-ன் புகழுக்குக் காரணம். போலிகள் மிகுந்த இடமும் அதுதான். சீனா, பர்மா, இந்தியா போர்முனையில் பணியாற்றிய விமானிகள் உள்ளூரில் செய்த தோல் சின்னங்களைத் தைத்துக்கொண்டார்கள். அவற்றுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. பழைய சின்னத்தைச் சுற்றியுள்ள தோல் வெளிறியும், சின்னத்துக்கு அடியிலுள்ள தோல் நிறம் மங்காமலும் இருக்கும். சின்னம் இல்லாத மார்பில் செவ்வக வடிவில் துளை வரிசை தெரிந்தால் அங்கே ஒருகாலத்தில் பெயர்ப்பட்டை இருந்தது. நேற்று தைத்த சின்னத்தின் துளையில் வெளிறிய புதுநார் தெரியும். எழுபது, எண்பது ஆண்டுத் துளையின் விளிம்பு கறுத்து மழுங்கியிருக்கும்.

நூலுக்கு ஒரு துணைச் சோதனை உண்டு. இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பிற்கால நூல்கள் பல நீலவெள்ளையாக ஒளிரும். துணிக்கு வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் பரவலானது போருக்குப் பின்புதான். ஆனால் பழைய துணியைப் புதிய சோப்பில் துவைத்திருந்தாலும் ஒளிரக்கூடும். அதனால் இதை ஓர் அறிகுறியாக மட்டும் கொள்ள வேண்டும்.

கடைசியில் மோப்பம். புகையும் நாஃப்தலினும் காற்றாடவிட்டால் குறையும். பூஞ்சையின் மக்கிய வாடை லைனிங்கிலிருந்து வந்தால் லைனிங்கை மாற்ற நேரலாம்.

அளவு

லேபிளில் 40 என்று இருந்தாலும் அதை நம்பி வாங்கக் கூடாது. நிறுவனங்களின் வெட்டு வேறுபடும். தோல் பல ஆண்டுகளில் சுருங்கியும் விரிந்தும் இருக்கும். ஜாக்கெட்டை ஜிப் போட்டு விரித்து, நான்கு இடங்களில் இன்ச் டேப் வைக்க வேண்டும்.

மார்பு: ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து இரட்டிக்க வேண்டும். 21 அங்குலம் என்றால் மார்பு 42. உடலின் மார்பளவு 38 உள்ளவருக்கு இது சட்டைமேல் அணியப் பொருந்தும். உடலளவைவிட 3 முதல் 4 அங்குலம் கூடுதல் வேண்டும். உள்ளே கம்பளி அணிவதானால் 5, 6.

தோள்: பின்பக்கம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை. நான்கு அளவுகளில் இதுவே தலையானது. மற்றவை அரை அங்குலம் தவறினாலும் சமாளிக்கலாம். தோள் தவறினால் கை தூக்கும்போதெல்லாம் உறுத்தும்.

கை: தோள் தையலிலிருந்து ரிப்பின் முனை வரை. கையைத் தொங்கவிட்டால் ரிப் மணிக்கட்டு எலும்பை மூடி நிற்க வேண்டும்.

நீளம்: காலர் தையலிலிருந்து இடுப்பு ரிப்பின் முனை வரை. நடுத்தர அளவுகளில் இது சுமார் 24, 25 அங்குலம்தான். இக்காலத்தவருக்கு இது குட்டையாகத் தோன்றும். 1940-களின் கால்சட்டை தொப்புள்வரை ஏறி நிற்கும். ஜாக்கெட்டின் ரிப் அந்த இடுப்பில் வந்து அமரும்படி வெட்டப்பட்டது. இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கும் கால்சட்டையோடு அணிந்தால் இடையில் சட்டை பிதுங்கும். நீளம் போதவில்லை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவோர் தோளையும் கையையும் இழக்கிறார்கள். குட்டையாக இருப்பது இதன் குறை அல்ல, வடிவம்.

அணிந்தால்

முதுகு ஒரே துண்டானதால் விரிந்து கொடுக்க மடிப்புகள் இல்லை. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால் இடுப்பு ரிப்பும் கூடவே ஏறும். அமெரிக்கக் கடற்படையின் ஜி-1 ஜாக்கெட்டில் தோளுக்குப் பின்னால் விரியும் மடிப்புகள் இருப்பதால் கை வீச்சு எளிது. ஆனால் உட்கார்ந்து இரு கைகளையும் முன்னே நீட்டிய நிலையில், அதாவது விமானி இருக்கையில் இருக்கும் நிலையில், ஏ-2 சுருங்காமல் படிகிறது. பைக் ஓட்டுவோருக்கும் இந்தப் படிவு உதவும். ஆனாலும் இது விபத்துக் காப்புடை அல்ல. பழைய நூலும் பழைய தோலும் சாலையில் உரசினால் தாங்காது. காற்றை நன்றாகத் தடுக்கிறது. கடுங்குளிருக்கு மெல்லிய லைனிங் போதாது. மழையில் நனைந்தால் நிழலில் தானாக உலரவிட வேண்டும். கைகளுக்குப் பக்கவாட்டுப் பை இல்லாதது முதல் சில நாட்கள் தடுமாறச் செய்யும். முன்பைகளில் கையைத் திணிப்பவரின் ஜாக்கெட்டில் பையின் மேல்மூலைகள் விரைவில் பிய்யும்.

மாற்றித் தைத்தல்

துளை ஆறாது என்ற விதி இங்கேதான் கறாராக நிற்கிறது. ஜாக்கெட்டைப் பெரிதாக்க முடியாது: உள்மடிப்பில் விரிக்கத் தோல் மிஞ்சியிருக்காது; இருந்தாலும் பழைய தையல் துளைகள் வெளியே தெரியும், அந்த வரிசையிலேயே கிழியும். தோளைக் குறுக்குவது என்றால் கை, காலர், லைனிங் மூன்றையும் பிரிக்க வேண்டும். பழைய ஜாக்கெட்டில் அதைத் தொடவே கூடாது. பக்கவாட்டில் இரண்டு அங்குலம் குறைக்கலாம், ஆனால் அதைத் திரும்பப் பெற முடியாது. கை நீளத்தைக் குறைப்பது எளிது: ரிப்பைப் பிரித்து, தோலை வெட்டி, ரிப்பைத் திரும்பச் சேர்க்கலாம். ரிப்பையே அரை அங்குலம் குட்டையாகவோ நீளமாகவோ போட்டால் தோலை வெட்டாமலே பல நேரங்களில் கை சரியாகிவிடும். முடிந்தவரை பின்னலில் மாற்றம் செய்வதே முறை.

பழுது

அதிகம் வரும் பழுது தையல் விடுதல். பருத்தி நூல் தோலுக்கு முன்பே மக்கிவிடும். இதற்குக் கூர்மையான தோல் ஊசி கூடாது. அது பழைய துளைக்கு அருகே புதுத் துளை வெட்டும். இரண்டு துளைகளுக்கு இடையே மிஞ்சும் தோல் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அங்கே இன்னொரு துளை விழுந்தால் தபால் தலையின் ஓரம் போலக் கிழியும். சேணம் தைப்போர் கையாளும் மழுங்கிய ஊசி பழைய துளையைத் தடவித் தேடி நுழையும். மெழுகிட்ட நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இருபுறமும் மாறி மாறி இழுப்பது பழைய முறை. ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் பிரியாது. இயந்திரத்தில் தைத்தால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றி, ஒவ்வொரு குத்தும் பழைய துளையில் விழுகிறதா என்று பார்த்துத் தைக்க வேண்டும்.

கிழிசலுக்கு மேலிருந்து தைப்பது தவறு. லைனிங்கின் அடித்தையலைச் சிறிது பிரித்து, உள்ளிருந்து மெல்லிய வெள்ளாட்டுத் தோலை ஒட்டுப்போட வேண்டும். ஒட்டு கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். அதன் விளிம்பைச் சீவி மெலிதாக்கினால் வெளியே மேடு தெரியாது. செருப்புத் தைப்போர் தடவும் சொல்யூஷன் உறுதியாகப் பிடிக்கும். ஆனால் பின்னால் எடுக்க முடியாது, காலப்போக்கில் விறைக்கும், மேலே கசிந்தால் கறையாகும். அருங்காட்சியகங்களில் பெவா 371 என்ற ஒட்டுப்பொருளை வைக்கிறார்கள். அது சுமார் 65 பாகை செல்சியஸ் சூட்டில் இளகி ஒட்டும், தேவையானால் மீண்டும் பிரித்தெடுக்கலாம். ஆனால் நைந்த பட்டைப் பதத் தோலுக்கு அந்தச் சூடுகூட ஆபத்து. நல்ல நிலையிலுள்ள பட்டைப் பதத் தோல் நனைந்திருக்கையில் 75 முதல் 85 பாகையில் சுருங்கும். நைந்த தோலில் அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கிவிடும். லைனிங்கின் சுருக்கம் போக்க இஸ்திரிப் பெட்டி வைப்பதும் இதே காரணத்தால் கூடாது.

ரிப் அந்துப்பூச்சிக்கும் உராய்வுக்கும் இரையாகும்; மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய ரிப்பை வெட்டி எறியாமல் நூல் நூலாகப் பிரித்து, அதன் அகலத்தையும் நீளத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய கம்பளி ரிப் தோலின் விளிம்பைவிடக் குட்டையாக இருக்கும். நான்காகப் பங்கிட்டு, இழுத்துப் பிடித்துத் தைத்தால்தான் இடுப்பு சீராகச் சுருங்கும். பிடித்து வைக்கக் குண்டூசி கூடாது, கிளிப் மட்டுமே, குண்டூசியும் துளைதான்.

ஜிப் திறந்துகொண்டால் உடனே மாற்றத் தேவையில்லை. ரன்னர் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். அதன் இரு ஓரங்களையும் இடுக்கியால் மிக லேசாக அழுத்தினால் பற்களைப் பிடித்துக்கொள்ளும். இறுக்கமாக ஓடினால் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். அடிமுனைக் கம்பி நாடாவிலிருந்து கழன்றுவிட்டாலோ பற்கள் உதிர்ந்தாலோ ஜிப்பை மாற்ற வேண்டும். புதிய ஜிப்பும் அதே நீள உலோகப் பல் ஜிப்பாக இருந்து பழைய துளை வரிசையிலேயே தைக்கப்பட வேண்டும். கழற்றிய ஜிப்பை ஜாக்கெட்டோடு ஒரு பையில் போட்டு வைப்பது அடுத்து வாங்குபவருக்குச் செய்யும் நேர்மை.

சுத்தமும் பாதுகாப்பும்

மென்மையான தூரிகையால் தூசு தட்டி, பிழிந்த ஈரத் துணியால் ஒருமுறை துடைப்பதே பெரும்பாலும் போதும். முதலில் உள்மடிப்பில் துடைத்துச் சாயம் வருகிறதா எனப் பார்க்க வேண்டும். தோல் இயல்பில் அமிலத்தன்மை உடையது. சோப்பு காரத்தன்மை உடையது, அதனால் சோப்பைக் குறைப்பது நல்லது. எண்ணெய் பூசுவது பலர் செய்யும் தவறு. கால்நடைகளின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயும் அது போன்றவையும் தோலைக் கறுக்கச் செய்யும், தையல் நூலில் ஊறும், மிகுந்தால் நாரைத் தளரச் செய்யும். அருங்காட்சியகங்கள் ஒருகாலத்தில் வழக்கமாகப் பூசிவந்த தோல் மெருகுகளை இன்று பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. வறண்ட தோலுக்கு மெருகு தேவைப்பட்டால் மிகக் குறைந்த அளவில், ஆண்டுக்கொருமுறைக்கு மேற்படாமல் பூசினால் போதும்.

அகலமான மரத் தாங்கியில் மாட்டி, துணி உறையால் மூடி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிப் பூஞ்சைக்கு வழிவிடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டியிருப்பது நல்லது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர நகரங்களில் ஈரம் அதைவிட மிகுதி. பீரோவில் பூட்டி வைப்பதைவிடக் காற்றோட்டமுள்ள அறையில் தொங்கவிட்டு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது உதவும். பூஞ்சை கண்டால் வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று தூரிகையால் நீக்கி, நிழலில் காற்றாட விட வேண்டும்.

எதை வாங்குவது

சந்தையில் ஏ-2 மூன்று வகையில் கிடைக்கிறது. போர்க்கால அசல் வரலாற்றுப் பொருள். எப்போதாவது அணியலாம், நாள்தோறும் அணிந்தால் அழியும். அசலின் மதிப்பு லேபிள், ஜிப், நூல், துளைகள் எல்லாம் மாறாமல் இருப்பதில்தான். அதைப் புதுப்பொலிவாக்க விரும்புபவர் அசலை வாங்காமல் இருப்பதே அந்தப் பொருளுக்குச் செய்யும் நன்மை. ஜப்பானின் ரியல் மெக்காய்ஸ், பஸ் ரிக்சன்ஸ், இங்கிலாந்தின் ஈஸ்ட்மன் போன்ற நிறுவனங்கள் பழைய ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து நகல் செய்கின்றன. தோல், வெட்டு, நூல் மூன்றிலும் அசலுக்கு நெருக்கமானவை இவை. ஸ்காட்லாந்திலுள்ள ஏரோ லெதரும் நல்ல ஜாக்கெட் செய்கிறது. பீக்கன் நிறுவனத்தோடு அதற்குப் பெயர் ஒற்றுமை மட்டுமே. மூன்றாவது வகை, அமெரிக்க விமானப்படை 1988 முதல் மீண்டும் வழங்கிய ஏ-2. வெள்ளாட்டுத் தோல், சற்றுத் தளர்வான வெட்டு. பழையதன் கச்சிதம் இதில் இல்லை, ஆனால் உழைப்புக்கு அஞ்சாது.

சேகரிப்பவருக்கு அசல், நாள்தோறும் அணிபவருக்கு நகல், கரடுமுரடாகப் பயன்படுத்துபவருக்கு 1988-க்குப் பிந்தையது. மூன்றில் எதுவானாலும் தோள் பொருந்த வேண்டும், தோல் உதிரக் கூடாது, தையல் பழைய துளையிலேயே ஓட வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் நூல், ரிப், ஜிப், லைனிங் எல்லாவற்றையும் காலப்போக்கில் மாற்றிக்கொள்ளலாம்.